கானை மூடியது நாங்கள்தான்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் நான் பார்த்தது ஒரு தேயிலைப் பூவை. எங்கள் புது அறைக் கதவின் அடியிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும். பூ அதில் மிதந்து வந்து என் கால் விரலில் தட்டி நின்றது.

கூரை ஒழுகினால் வீட்டுக்குள் தேயிலைப் பூ வராது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில்தான் வரும். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக வேலை செய்தேன். ஒரு புள்ளி விடுபட்டாலும் என் கண்ணில் படும். பூவும் பட்டது. அதன் பொருள்தான் உறைக்கவில்லை. ஒரு சாக்கை மடித்துக் கதவின் அடியில் வைத்து, காலால் அழுத்தித் தண்ணீரை அடைத்தேன். பிறகு துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் ஏழு மாத மகன் ஈசாக்கு தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்பானவர்களே, சபையாராகிய உங்களில் பலர் இந்தச் சாட்சியை ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். புயலுக்குப் பிறகு, நாங்கள் தங்கியிருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று நானே சொன்னேன். அன்று சொன்னவை நடந்தவைதான். சொல்லாமல் விட்டவைதான் என்னைத் தூங்கவிடவில்லை. பத்திரிகையில் ஒரு செய்தி பிழையாகப் போய்விட்டால் திருத்தம் போடுவோம். இதை அப்படி எண்ணி வாசியுங்கள்.

எங்கள் தோட்டம் லிந்துலைப் பக்கம். லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஆறாவது எங்களுடையது. என் கணவர் டேவிட் ஆட்டோ ஓட்டுகிறார். நான் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஜெனி என்று நான்கு வயது மகள் இருக்கிறாள். ஏழாவது காம்பராவில் மாரிமுத்து அண்ணனும் அவர் மனைவி செல்லம்மா அக்காவும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கொழும்பில் வேலை. வீட்டில் இரண்டு ஆடுகள்.

லயத்தில் வாழாதவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று கான். லயத்துக்குப் பின்னால், மலைச்சரிவு வந்து நிற்கும் இடத்தில், ஒன்றாம் காம்பராவிலிருந்து பத்தாம் காம்பரா வரை ஓடி ஆற்றில் விழும் வடிகால் அது. மற்றது நடுச்சுவர். இரண்டு காம்பராக்களுக்கு இடையில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. ஏழடி உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கூரைத் தகரம் வரை வெளி. எங்கள் வீட்டில் பிள்ளை தும்மினால், அந்தப் பக்கத்திலிருந்து செல்லம்மா அக்கா “நூறு” என்பார்.

அதாவது, முன்பு என்பார்.

ஈசாக்கு பிறப்பதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன், பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். இடம் போதவில்லை. கானின் மேல் கொங்கிரீட் போட்டு மூடி, அடியில் ஆறு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, அறையை மலைமேடு வரை நீட்டினோம். அத்திவாரம் வெட்டிய அன்று மாரிமுத்து அண்ணன் வந்து நின்று பார்த்தார். இருபத்திரண்டு வருடமாகத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்.

“தங்கச்சி, ரூம் கட்டுங்க, வேணாங்கல. கானை விட்டுட்டுக் கட்டுங்க. ஆறு இஞ்சி பைப்புக்குள்ள மலை அடங்காது.”

“எல்லாருந்தாண்ணே கட்டியிருக்காங்க” என்றார் டேவிட்.

“எல்லாரும் முன்னால இழுத்துக் கட்டியிருக்காங்க தம்பி. நீங்க பின்னால கட்டுறீங்க.”

நாங்கள் நிறுத்தவில்லை. அவர் தோட்டக் காரியாலயத்தில் போய்ச் சொன்னார். அங்கிருந்து விளக்கம் கேட்டார்கள். பதில் கடிதத்தை நான் எழுதினேன். கோயில் திருவிழாவுக்கு அவர் ஒலிபெருக்கி கட்டியது உண்மை. அதே மாலையில் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் இருந்தது உண்மை. அடுத்த வாரம் அவர் எங்கள் அறைக்கு ஆட்சேபம் சொன்னதும் உண்மை. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். இடையில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வாசித்தவர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். இந்த வேலை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும். கொழும்பில் பழகியது.

அவரைக் கூப்பிட்டு, மதச் சண்டை கிளப்ப வேண்டாம் என்று கண்டித்து அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எப்போதாவது பேச வேண்டி வந்தால் டீச்சர் என்றார். செல்லம்மா அக்கா அதுவும் இல்லை.

அறைக்கு டேவிட் நல்ல கதவு போட்டார். இடித்த பழைய பங்களா ஒன்றிலிருந்து வாங்கிய தேக்குக் கதவு. மேலே கண்ணாடி போன ஒரு சின்னத் திறப்பு. பழைய அறைக்குள் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்பதால், புது அறைக்குள் தள்ளித் திறக்கும்படி மாட்டினார்.

இரண்டு வருடம் காலையிலும் மாலையிலும் குடும்ப ஜெபம் செய்தோம். சத்தமாகச் செய்வது என் பழக்கம். ஒவ்வொரு நாளும் ஒரு விண்ணப்பம் தவறாமல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு விரோதமாகத் திறக்கிற வாயை அடைத்துப்போடும் ஆண்டவரே என்பேன். பெயர் சொன்னதில்லை. சுவர் ஏழடிதான் என்பது எனக்கு மறந்திருந்தது என்று சொன்னால் அது பொய்.

புயல் வந்த வாரம் உங்களுக்குத் தெரியும். நான் விவரிக்கத் தேவையில்லை. வியாழக்கிழமை மாலை கிராம அலுவலர் வந்து எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். மேலேயுள்ள ஐந்து காம்பராக்காரர்களும் போனார்கள். கீழே உள்ளவர்களில் பாதிப் பேர் போனார்கள். பிள்ளைக்குச் சளி, பள்ளிக்கூடச் சீமெந்துத் தரையில் எப்படிப் படுக்கவைப்பது என்று நான் போகவில்லை. டேவிட் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனவர், பாதை சரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். பிறகு தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மாரிமுத்து அண்ணனும் போகவில்லை. மழைக்கோட்டுக்குப் பதிலாக உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பொழுது சாயும்வரை கானில் அடைத்த குப்பையை வாரிக்கொண்டிருந்தார். எங்கள் குழாய் வாயிலும் வாரினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு தேத்தண்ணி கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அந்தப் பூ.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புது அறைக்குள் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. சுவரின் மூலையில் கல் பெயர்ந்த சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. நான் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் தள்ளினேன். அந்தப் பக்கம் யாரோ நின்று பிடித்திருப்பதுபோல இருந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, மேல் திறப்பு வழியாகப் பார்த்தேன்.

அறை முழுக்கத் தண்ணீர். கட்டில் தெரியவில்லை. தலையணை மிதந்தது. தொட்டில் கூரை மரத்திலிருந்து தொங்கியது. தொட்டிலின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு சாண் இருந்தது. ஈசாக்கு தூங்கிக்கொண்டிருந்தான். மேட்டுப் பக்க மூலையில் ஒரு கல் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் உருண்டு வந்துகொண்டிருந்தது. குழாய் அடைத்துவிட்டது. மேலே ஐந்து காம்பராக்களின் கான் தண்ணீரும் எங்கள் அறைக்கு எதிரே தேங்கி, உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

திறப்பு என் தலை நுழையும் அளவுக்குக்கூட இல்லை. இறங்கி விறகுக் கட்டையால் கதவை அடித்தேன். தேக்கு. ஒரு தழும்புகூட விழவில்லை. ஜெனி கட்டிலில் உட்கார்ந்து, “அம்மா, தம்பி ரூமுக்குள்ள ஆறு வந்திருச்சா?” என்று கேட்டாள். மறுபடி ஏறிப் பார்த்தேன். ஒன்றரைச் சாண்.

இப்போது முதல் சாட்சியில் நான் விட்டதைச் சொல்கிறேன்.

பக்கத்துக் காம்பராவில் ஆள் இருப்பது எனக்குத் தெரியும். சுவருக்கு மேலே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. செல்லம்மா அக்கா ரொட்டி தட்டும் சத்தம் சற்று முன்தான் கேட்டது. “அண்ணே” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். என் வாய் திறக்கவில்லை. அந்த மனிதரிடம் அந்த அறையைக் காட்டி உதவி கேட்பதா என்று நினைத்தேன். பிள்ளைக்கும் தண்ணீருக்கும் ஒன்றரைச் சாண் இருக்கும்போது நான் நினைத்தது அது. எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு நிமிடத்துக்குக் குறையாது.

அவரைக் கூப்பிடவில்லை. முக்காலியில் நின்றபடி ஆண்டவரைக் கூப்பிட்டேன். வழக்கமான வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. ஸ்தோத்திரம்கூட வரவில்லை.

“ஆண்டவரே, கானை நாங்கதான் மூடினோம். பிள்ளை மூடல. நாங்கதான் மூடினோம்.”

இதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. காப்பாற்றும் என்றுகூடச் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது.

சிறிது நேரத்தில் புது அறையின் கீழ்ப்பக்கச் சுவரில், அதாவது ஏழாம் காம்பராவின் பின்பக்கம் பார்த்திருந்த சுவரில், அடி விழத் தொடங்கியது. அலவாங்கு, கல் பெயர்க்கும் இரும்புக் கம்பி. ஒவ்வோர் அடிக்கும் ஒரு குரல்: “மாரியாத்தா.” மறுபடி அடி. மறுபடி “மாரியாத்தா.” இடையில் செல்லம்மா அக்காவின் குரல்.

“என்னங்க, இங்க ஒடைச்சா தண்ணி நேரா நம்ம குசினிக்குத்தான் வரும்.”

“தெரியும்டி. ஆட்டை அவுத்து விட்டுட்டு நீ தள்ளி நில்லு.”

நான் திறப்பு வழியாகத் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியின் அடி நனைந்து கறுத்தது. அப்போது சுவரின் கீழ்ப்பக்கம் ஒரு கல் வெளியே இழுபட்டது. பிறகு இரண்டு. பிறகு ஒரு வரிசையே போனது. தண்ணீர் ஒருமுறை சுழன்று அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. தலையணை சுவரை நோக்கிப் போய் ஓட்டைக்குள் மறைந்தது. வெளியே அவர்கள் சமையலறைத் தகரம் மடியும் சத்தமும், சட்டி பானைகள் உருளும் சத்தமும் கேட்டன. நீர்மட்டம் இறங்கியது. நான் குதித்துக் கதவைத் தள்ளினேன். திறந்தது.

தொடை அளவுத் தண்ணீரில் போய்ப் பிள்ளையை எடுத்தேன். அவன் விழித்திருந்தான். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஓட்டைக்கு வெளியே நின்ற மாரிமுத்து அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் முகம் முழுக்க மண். முழங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது.

“வெளிய போங்க டீச்சர். மேடு வரப்போவுது.”

ஜெனியை ஒரு கையிலும் ஈசாக்கை இடுப்பிலும் பிடித்துக்கொண்டு முன்வாசலால் ஓடினேன். செல்லம்மா அக்கா ஆடுகளோடு பாதையில் நின்றார். ஜெனியை என் கையிலிருந்து வாங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆறு ஐம்பதுக்கு மலைமேடு சரிந்து புது அறையின் மேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது அறை இருந்த இடத்தில் மண்ணும் இரண்டு தேயிலைச் செடிகளும் இருந்தன.

நன்றி சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வரை ஒரு மைல் நடந்தோம். மாரிமுத்து அண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

மூன்றாம் நாள் டேவிட் ரயில் பாதை வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். காலெல்லாம் அட்டைக்கடி. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “கதவு நான் மாட்டுனது” என்றார்.  மாரிமுத்து அண்ணன் இருந்த மூலைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.  இருவருக்கும் இடையில் வெற்றிலை கைமாறியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, டவுனிலிருந்து நம் சபையார் அரிசியும் பாயும் போர்வையும் கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு சின்ன ஆராதனை. பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். என் பிள்ளை பிழைத்த கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எழுந்து நின்றேன்.

நன்றாகப் பேசினேன். அதுதான் பிரச்சினை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். பூவைச் சொன்னேன், தொட்டிலைச் சொன்னேன், இரண்டு சாணைச் சொன்னேன். கானைச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கிருந்தோ வந்தது என்றேன். நான் ஜெபித்தேன் என்றேன். என்ன ஜெபித்தேன் என்று சொல்லவில்லை. கடைசியில் இப்படி முடித்தேன்: “சுவர் உடைந்தது. ஒரு கரம் வந்தது. அது யாருடைய கரம் என்று நான் பார்க்கவில்லை. அந்தக் கரத்தை அனுப்பின கரத்தைத்தான் பார்த்தேன்.”

எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். சில சகோதரிகள் அழுதார்கள்.

செல்லம்மா அக்கா கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அதே மண்டபம்தானே. அவர்கள் எங்கே போவார்கள்? அவர் மடியில் ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். பேசும்போது நான் எல்லாத் திசையிலும் பார்த்தேன். கரும்பலகைப் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் ஜெனியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் பாயில் கிடத்தினார்.

“நல்லாப் பேசுனீங்க டீச்சர்.”

நான் தலையாட்டினேன்.

“யாரு கைன்னு நெசமாவே பாக்கலையா?”

நான் ஜெனிக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். 

“சரி விடுங்க. புள்ளைக்குப் பால் குடுக்குற நேரம்.”

அடுத்த நாள் காலை மாரிமுத்து அண்ணனைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு கான் வெட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் அதுதான் வேலை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. முழங்கையில் கட்டு இருந்தது. தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். வாங்கிக் கானின் விளிம்பில் வைத்தார்.

“அண்ணே, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னா எப்படி டீச்சர்? பிள்ளைங்களுக்குப் பாடம் அப்படியா சொல்லிக் குடுக்குறீங்க? ஒன்னொன்னாச் சொல்லுங்க.”

ஒன்றொன்றாகச் சொன்னேன். கானை மூடியது. காரியாலயத்துக்கு எழுதிய கடிதம். அந்தக் காலையில் அவரைக் கூப்பிடாமல் நின்ற நேரம். நேற்றுப் பேசியது. அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. ஜெபத்தில் அவரைப் பற்றிக் கேட்டதைச் சொல்ல வந்தபோது, அவரே தொடங்கினார்.

“அது தெரியும். ரெண்டு வருசமா ரொட்டியும் சம்பலும் அதக் கேட்டுக்கிட்டுத்தான் சாப்புட்டேன். ‘வாயை அடைச்சுப்போடும்’. செல்லம்மா கேப்பா, இன்னைக்கு வாய் அடைச்சிருச்சான்னு. இன்னும் ஒரு ரொட்டி போடு, பாப்போம்னு சொல்லுவேன்.”

நான் கானின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

“வாயை அடைக்கச் சொன்னீங்க. நல்லவேளை கையை அடைக்கச் சொல்லல.” இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். என்னால் முடியவில்லை.

“அன்னைக்கு நான் கத்துனது கேட்டுச்சாண்ணே?”

“மழையில பாதிதான் கேட்டுச்சு. கானை நாங்கதான் மூடினோம்னு கேட்டுச்சு. அப்பவே விளங்கிருச்சு, தண்ணி எங்க நிக்குதுன்னு. வேற என்னத்தச் சொல்லிக் கத்தியிருந்தாலும், நான் முன்வாசலுக்குத்தான் ஓடி வந்திருப்பேன். வந்து அந்தக் கதவைத்தான் இடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன்.”

அன்பானவர்களே, இந்த இடத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் அறிக்கையிட்ட அந்த ஒரு வரியில்தான், தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்ற விவரம் இருந்தது. என் வழக்கமான நல்ல ஜெபத்தை அன்று ஜெபித்திருந்தால் அதில் அந்த விவரம் இருந்திருக்காது. என் மகன் இருந்திருக்க மாட்டான்.

“உங்க குசினியும் போச்சு” என்றேன்.

“போச்சு.”

“அது போகும்னு தெரிஞ்சுதானே ஒடைச்சீங்க?”

“கான் வெட்டுறவனுக்குத் தண்ணி எங்க போகும்னு தெரியாதா?” மண்வெட்டியை ஊன்றி நின்று முதன்முறையாக என்னைப் பார்த்தார். “டீச்சர், பேப்பர்ல தப்பா ஏதாவது போட்டுட்டா என்ன செய்வீங்க?”

“திருத்தம் போடுவோம்.”

“எவ்வளவு பெருசா?”

“சின்னதாத்தான். உள்பக்கத்துல, கீழ.”

“அப்ப நீங்களும் ஒன்னு போட்டிருங்க. சின்னதாப் போதும்.”

தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

பாஸ்டரிடம் இதைச் சொல்லி, நம் சபையாருக்கு எழுத வேண்டும் என்றேன். அவர் சற்று யோசித்து, அந்த அண்ணன் ஆண்டவரை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டார். உங்களில் சிலரும் கேட்பீர்கள். இல்லை. அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நான் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தபோது அவர் மறுபக்கம் மாரியாத்தா என்றுதான் ஓங்கி அடித்தார். முதல் சாட்சியில் அதையும் விட்டிருந்தேன். அவரை நம் சபைக்கு அழைக்கும் தைரியம் எனக்கு இன்று இல்லை. அழைக்கிற இடத்தில் நான் நிற்கவில்லை. இதையே பாஸ்டரிடமும் சொன்னேன். அப்படியே எழுதுங்கள் என்றார்.

என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் வணங்குகிற ஆண்டவர்தான் பதில் தந்தார் என்று நம்புகிறேன். இரண்டு வருடமாக ஒரு மனிதரின் வாயை அடைக்கும்படி கேட்டேன். அதற்கு ஆண்டவர் செவிகொடுக்கவில்லை. அதற்கும் நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். அந்த வருடங்களில் என் ஜெபம் ஏழடி உயரம் ஏறி, அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் முகம் சுடுகிறது. அந்தச் சூடு போகட்டும் என்று நான் கேட்பதில்லை.

லயத்துக்குத் திரும்பிய பிறகும் காலையில் ஜெபிக்கிறோம். சத்தமாகத்தான். சொல்லத் தொடங்கும் முன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் வெட்கப்படாத வார்த்தைதானா என்று பார்த்துக்கொள்கிறேன். சில நாட்களில் என் ஜெபம் மிகவும் சுருங்கிவிடுகிறது. மாரிமுத்து அண்ணனின் பெயரைச் சொல்லி, அவர் முழங்கை ஆற வேண்டும் என்று ஒரு நாள் ஜெபித்தேன். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “வலது கை டீச்சர். சரியாச் சொல்லுங்க.”

நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள். தண்ணீர் கழுத்து மட்டும் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். கூப்பிடும்போது நீங்கள் மூடியது எதுவோ அதை முதலில் சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிறார். பிறகு முக்காலியிலிருந்து இறங்கிப் பக்கத்து வீட்டையும் கூப்பிடுங்கள். நான் செய்யாதது அது.

நான்காவது வாரம், அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, வேறு இடம் கிடைக்கும்வரை காம்பராக்களின் முன்பகுதியில் மட்டும் இருக்கலாம் என்றார்கள். திரும்பி வந்தோம். டேவிட்டும் மாரிமுத்து அண்ணனும் ஆறு நாள் மண் வாரினார்கள். புது அறையின் தரையை டேவிட்டே உடைத்தார். குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். தேக்குக் கதவைப் படுக்கவைத்து, எங்கள் பின்வாசலிலிருந்து அவர்கள் பின்வாசலுக்கு நடந்து போகப் பாலமாகப் போட்டிருக்கிறோம். காரியாலயத்துக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் முதல் கடிதத்தின் மூன்று உண்மைகளுக்கும் இடையில் விட்ட சொற்களை எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

செல்லம்மா அக்கா எங்கள் அடுப்பில் சமைக்கிறார். முதலில் அவர், பிறகு நான். நேற்றுக் காலை ஈசாக்கு தும்மினான். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே “நூறு” என்றார்.

சுவரை உடைத்த அன்று தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு போனது. அதைப் பழைய இடத்துக்குத் திருப்ப முடியாது என்று மாரிமுத்து அண்ணன் சொல்லிவிட்டார். அவர்களுடைய குசினி இருந்த இடத்தில் இப்போது கான் ஓடுகிறது.